பிரான்சு நாட்டின் கடைசி மகாராணி

17 ஆண்டு அரியணையில். 50 ஆண்டு அந்நிய மண்ணில்!

ஒரு காலத்தில் ஐரோப்பாவே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் உடுத்தும் உடையைப் பார்த்துத்தான் பல நாட்டுச் சீமாட்டிகள் உடை தைத்துக்கொண்டார்கள். அவருடைய விருந்துக்கு அழைப்பு வருமா என்று பிரபுக்கள் காத்துக் கிடந்தார்கள்.

அதே பெண்மணி ஒரு நாள் பிற்பகலில் மாற்றுத் துணிகூட இல்லாமல் அரண்மனையை விட்டு ஓடினார். வாடகைக் குதிரை வண்டியில் ஏறி, வீடு வீடாக அடைக்கலம் தேடினார்.

அவர் பெயர் யூஜினி. பிரான்சு நாட்டுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் மனைவி. ஐரோப்பாவை நடுங்கவைத்த மாவீரன் நெப்போலியனின் தம்பி மகன்தான் இந்த மூன்றாம் நெப்போலியன். அந்நாளில் புதுச்சேரியும் காரைக்காலும்கூட இந்தச் சக்கரவர்த்தியின் ஆட்சியில்தான் இருந்தன.

யூஜினி பிறந்த நாடு ஸ்பெயின். வாழ்க்கைப்பட்ட நாடு பிரான்சு. அடைக்கலம் தந்த நாடு இங்கிலாந்து. புகுந்த நாட்டு மக்களில் பலர் அவரைக் கடைசி வரை தங்களவராக ஏற்கவில்லை. ஆனால் அவர் அந்த நாட்டை மறந்தாரா? இல்லை!

கூடாரத்தில் பிறந்த குழந்தை

ஸ்பெயின் நாட்டின் தெற்கே கிரானடா என்று ஒரு நகரம் இருக்கிறது. 1826-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி அங்கே யூஜினி பிறந்தார். அந்த நாட்களில் அங்கே நில நடுக்கம். வீட்டுக்குள் இருக்கப் பயந்து, தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அந்தக் கூடாரத்தில்தான் குழந்தை பிறந்தது என்று சொல்வார்கள்.

தந்தை ஒரு பிரபு. மாவீரன் நெப்போலியனின் பக்கம் நின்று போரிட்டவர். ஒரு கண்ணை இழந்தவர். தாயாரின் குடும்பம் ஸ்காட்லாந்து நாட்டு வழியில் வந்தது. யூஜினிக்கு ஒரே ஓர் அக்காள். பெயர் பாக்கா.

பெண்கள் இருவரும் பாரீசில் கன்னிமாடப் பள்ளியில் படித்தார்கள். பிறகு கொஞ்ச காலம் இங்கிலாந்திலும் படித்தார்கள். யூஜினியின் தலைமுடி செம்பட்டை நிறம். அதனால் உடன் படித்த ஆங்கிலச் சிறுமிகள் அவரை "காரட்" என்று கேலி செய்தார்கள். பின்னாளில் அந்தச் செம்பட்டை முடியைத்தான் ஓவியர்கள் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள்!

அந்த வீட்டுக்கு வந்துபோன நண்பர்களில் புகழ் பெற்ற எழுத்தாளர்கள் இருவர் உண்டு. ஒருவர் மெரிமே. மற்றொருவர் ஸ்டெந்தால். அவர்கள் சிறுமிகளுக்கு நெப்போலியன் நடத்திய போர்களைக் கதை கதையாகச் சொல்வார்கள். கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சிறுமி, ஒரு நாள் அதே நெப்போலியன் குடும்பத்துக்கே மருமகளாகப் போவாள் என்று யார் கண்டது?

சக்கரவர்த்தி கேட்ட பெண்

1848-ம் ஆண்டில் பிரான்சில் புரட்சி நடந்தது. மன்னர் ஓடிவிட்டார். குடியரசு வந்தது. லூயி நெப்போலியன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனாதிபதி பதவி அவருக்குப் போதவில்லை. 1851-ல் ராணுவத்தின் துணையோடு ஆட்சியைக் கைப்பற்றினார். 1852 டிசம்பர் 2-ந் தேதி, "மூன்றாம் நெப்போலியன்" என்ற பெயருடன் சக்கரவர்த்தி ஆனார்.

சக்கரவர்த்திக்குப் பட்டத்து ராணி வேண்டாமா? அரச குடும்பங்களில் பெண் தேடினார்கள். விக்டோரியா மகாராணியின் உறவுப் பெண் ஒருத்தியைக்கூடக் கேட்டுப் பார்த்தார்கள். கைகூடவில்லை. திடீர் என்று முளைத்த சக்கரவர்த்திக்குப் பெண் கொடுக்கப் பழைய அரச குடும்பங்கள் தயங்கின.

இதற்குள் சக்கரவர்த்தியின் மனம் யூஜினியிடம் போய்விட்டது. அவர் ஜனாதிபதியாக இருந்தபோதே விருந்தொன்றில் யூஜினியைப் பார்த்திருந்தார். பெண்கள் விஷயத்தில் சக்கரவர்த்திக்கு நல்ல பெயர் இல்லை. யூஜினி எச்சரிக்கையாக நடந்துகொண்டார்.

"உன்னிடம் வருவதற்கு வழி எது?" என்று அவர் ஒரு முறை கேட்டாராம். "தேவாலயத்தின் வழியாக!" என்று யூஜினி பதில் சொன்னாராம். அதாவது, முதலில் தாலி. பிறகுதான் மற்றப் பேச்சு! இந்தக் கதை அந்நாளில் பாரீஸ் முழுவதும் பரவியது.

1853 ஜனவரி 30-ந் தேதி பாரீசில் உள்ள நோத்ருதாம் மாதா கோவிலில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 44. மணப்பெண்ணுக்கு வயது 26.

"அரச குலத்துப் பெண் கிடைக்கவில்லையா?" என்று உறவினர்கள் முணுமுணுத்தார்கள். மந்திரிகள் முகம் சுளித்தார்கள். "ஸ்பெயின்காரி" என்று ஏளனமாகச் சொன்னார்கள். அந்தப் பெயர் கடைசி வரை அவரை விடவில்லை.

வைர மாலை வேண்டாம்!

திருமணத்துக்குப் பாரீஸ் நகரசபை ஒரு பரிசு கொடுக்க விரும்பியது. வைர மாலை வாங்குவதற்காக 6 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

யூஜினி என்ன செய்தார்?

"எனக்கு மாலை வேண்டாம். அந்தப் பணத்தில் ஏழைப் பெண்கள் படிக்க ஒரு பள்ளிக்கூடம் கட்டுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

அப்படியே கட்டினார்கள். ஏழைப் பெண்கள் அங்கேயே தங்கிப் படிக்கவும் தொழில் கற்கவும் ஏற்பாடு செய்தார்கள். 1856-ல் வேலை முடிந்தது. கட்டடக் கலைஞர் ஒரு வேடிக்கை செய்தார். மேலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் கழுத்து மாலை போன்ற வடிவத்தில் இருக்கும்!

சக்கரவர்த்தினியின் ஆடம்பரம் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள். பந்தல்போல் விரிந்து நிற்கும் அவருடைய பாவாடைகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அவர் செய்த வேறு சில காரியங்களையும் சொல்ல வேண்டும்.

1866-ல் அமியான் நகரில் காலரா பரவியது. பணக்காரர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். யூஜினி அந்த ஊருக்குப் போனார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் படுக்கை அருகே சென்று ஆறுதல் சொன்னார்.

ரோசா பொனர் என்று ஒரு பெண் ஓவியர். ஆடு, மாடு, குதிரை வரைவதில் வல்லவர். பிரான்சு நாட்டின் மிக உயர்ந்த விருதைப் பெண் கலைஞர் எவருக்கும் அதுவரை கொடுத்ததில்லை. 1865-ல் சக்கரவர்த்தி வெளிநாடு போயிருந்தார். ஆட்சிப் பொறுப்பு யூஜினியிடம் இருந்தது. அவர் அந்த விருதை எடுத்துக்கொண்டு ஓவியரின் வீட்டுக்கே நேரில் போய்க் கொடுத்தார்!

நல்லது மட்டுமா செய்தார்? இல்லை. அரசியலில் அவர் செய்த தவறுகளும் உண்டு. கடல் கடந்து மெக்சிகோ நாட்டில் ஒரு பேரரசை உண்டாக்க வேண்டும் என்ற திட்டத்தை அவர் பலமாக ஆதரித்தார். அது படுதோல்வி அடைந்தது. அங்கே அரியணையில் ஏற்றப்பட்ட மாக்சிமிலியன் 1867-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பழியில் ஒரு பங்கு யூஜினி மேல் விழுந்தது.

ஆடையில் ரத்தம்

1856 மார்ச் 16-ந் தேதி யூஜினிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பாரீசில் 101 பீரங்கிகள் முழங்கின. அவன் ஒரே பிள்ளை. "லூலூ" என்று செல்லமாக அழைத்தார்கள்.

1858 ஜனவரி 14-ந் தேதி இரவு. சக்கரவர்த்தியும் யூஜினியும் இசை நாடகம் பார்க்கக் கோச்சு வண்டியில் போனார்கள். நாடகக் கொட்டகை வாசலில் வண்டி வந்து நின்றது.

டமார்!

அடுத்தடுத்து 3 குண்டுகள் வெடித்தன. விளக்குகள் அணைந்தன. குதிரைகள் செத்து விழுந்தன. கூட்டத்தில் 8 பேர் உயிர் இழந்தார்கள். சுமார் 150 பேர் காயம் அடைந்தார்கள். குண்டு வீசியது இத்தாலியைச் சேர்ந்த ஒரு புரட்சிக் கூட்டம்.

சக்கரவர்த்தியும் யூஜினியும் உயிர் தப்பினார்கள். யூஜினியின் வெள்ளை உடையில் ரத்தம் தெறித்திருந்தது. அந்த உடையோடு அவர் கொட்டகைக்குள் சென்று மக்கள் முன் நின்றார். ஓடி ஒளியவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. பிரான்சு நாட்டுக்கு ஆஸ்திரியாவிலிருந்து மருமகளாக வந்த மரி அந்துவானெத் ராணியை 1793-ல் பாரீஸ் மக்கள் முன் தலை வெட்டிக் கொன்றார்கள். அவரையும் "அந்நியப் பெண்" என்றுதான் வெறுத்தார்கள். அந்த ராணி பயன்படுத்திய பொருள்களை யூஜினி தேடித் தேடிச் சேர்த்து வைத்தார். தனக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்ற எண்ணம் அவர் மனத்தின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது.

சூயஸ் கால்வாயில் முதல் கப்பல்

1869 நவம்பர் 17-ந் தேதி. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட நாள்.

அதுவரை ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, அந்தச் சுற்று வழியை ஒழித்தார் லெஸ்ஸெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் யூஜினியின் தாய் வழி உறவினர்.

திறப்பு விழாவுக்கு ஆஸ்திரியா நாட்டுச் சக்கரவர்த்தி வந்தார். இளவரசர்கள் வந்தார்கள். ஆனால் வரிசையில் முதலாவதாகச் சென்றது யூஜினி ஏறியிருந்த கப்பல்தான். அதன் பெயர் "கழுகு". இருபுறமும் மணல். நடுவே புதுத் தண்ணீர். பின்னால் பல நாட்டுக் கப்பல்கள். கரையில் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

அதுதான் யூஜினியின் வாழ்க்கையில் உச்சி. அங்கிருந்து இறக்கம் தொடங்க ஓர் ஆண்டுகூட ஆகவில்லை!

ஒரு லட்சம் வீரர்கள் சரண்

1870 ஜூலையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மனியில் அந்நாளில் வலிமை மிகுந்த நாடு பிரஷ்யா. அதன் முதல் மந்திரி பிஸ்மார்க் தந்திரசாலி. பிரான்சைத் தூண்டிவிட்டு, பிரான்சே போரை அறிவிக்கும்படி செய்துவிட்டார். போர் வேண்டும் என்று சொன்னவர்களில் யூஜினியும் ஒருவர். அதன் விலையை அவர் வாழ்நாள் முழுவதும் கொடுத்தார்.

சக்கரவர்த்திக்குச் சிறுநீர்ப்பையில் கல். குதிரை மேல் உட்காரவே முடியாத வலி. அந்த நிலையில் அவர் போர்முனைக்குப் புறப்பட்டார். 14 வயது மகனையும் உடன் அழைத்துப் போனார். யூஜினி பாரீசில் ஆட்சியைக் கவனித்தார்.

தோல்விக்கு மேல் தோல்வி! செப்டம்பர் 2-ந் தேதி செடான் என்ற ஊரில் பிரெஞ்சுப் படை சரண் அடைந்தது. சக்கரவர்த்தியும் சுமார் ஒரு லட்சம் வீரர்களும் கைதிகள் ஆனார்கள்.

செய்தி பாரீசுக்கு வந்தது. மக்கள் கொதித்து எழுந்தார்கள். செப்டம்பர் 4-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குடியரசு அறிவிக்கப்பட்டது. பெருங்கூட்டம் துய்லரி அரண்மனையை நோக்கித் திரண்டது.

பின் வழியாக ஓட்டம்

அரண்மனைக்குள் யூஜினி. வெளியே கூச்சல். காவலர்களைச் சுடச் சொல்லலாம். யூஜினி அதற்கு இணங்கவில்லை. தனக்காக யாருடைய ரத்தமும் சிந்தக் கூடாது என்றார்.

ஆஸ்திரியா தூதரும் இத்தாலி தூதரும் ஓடிவந்தார்கள். "உடனே புறப்படுங்கள்! ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது!" என்றார்கள்.

முன் வாசலில் கூட்டம். ஆகவே அரண்மனையை ஒட்டியிருந்த லூவர் பொருட்காட்சிச் சாலை வழியாகப் போக முடிவு செய்தார்கள். இடையில் உள்ள கதவு பூட்டியிருந்தது! தட்டினார்கள். யாரும் திறக்கவில்லை. நல்லவேளையாகச் சாவியோடு ஒருவர் வந்து சேர்ந்தார்.

நீண்ட ஓவியக் கூடங்கள் வழியாக நடந்தார்கள். ஓரிடத்தில் பெரிய ஓவியம் ஒன்று. கப்பல் உடைந்து, மிதவையில் தத்தளிக்கும் மனிதர்களைக் காட்டும் படம் அது. யூஜினி அதன் முன் ஒரு கணம் நின்றுவிட்டார் என்று சொல்வார்கள்.

வெளியே வந்ததும் ஒரு தெருப் பையன் அவரை அடையாளம் கண்டுகொண்டு கூவினான். ஒரு தூதர் அவனைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தார். அந்த நேரத்தில் யூஜினியும் அவருடைய தோழி லெப்ரதோன் அம்மாளும் ஒரு வாடகை வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

எங்கே போவது?

தெரிந்த ஓர் அதிகாரியின் வீட்டுக்குப் போனார்கள். மணியை அடித்தார்கள். ஆள் இல்லை. இன்னொரு பிரபுவின் வீடு. அங்கும் அவர் இல்லை. நேற்று வரை நாட்டையே ஆண்டவருக்கு, இன்று ஒரு கதவுகூடத் திறக்கவில்லை!

அப்போது யூஜினிக்கு ஒருவர் நினைவு வந்தது. அவர் பிரபு அல்ல, மந்திரி அல்ல. ஒரு பல் டாக்டர்!

பல் டாக்டர் காட்டிய விசுவாசம்

டாக்டர் தாமஸ் எவான்ஸ் ஓர் அமெரிக்கர். பாரீசில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்தவர். அரச குடும்பத்துக்குப் பல் வைத்தியர். அவர் வீடு இருந்த சாலையின் பெயர் என்ன தெரியுமா? "சக்கரவர்த்தினி சாலை"! யூஜினியின் பெருமைக்காக வைத்த பெயர் அது.

டாக்டர் வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது, பெயர் சொல்லாத இரண்டு பெண்கள் காத்திருப்பதாக வேலையாள் சொன்னான். உள்ளே போய்ப் பார்த்தார். திகைத்து நின்றார். மறு பேச்சில்லாமல் உதவுவதாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை டாக்டருடைய வண்டி புறப்பட்டது. இன்னொரு டாக்டர் நண்பரும் கூட வந்தார். திட்டம் இதுதான்: யூஜினி ஒரு நோயாளி. எவான்ஸ் அவருடைய சகோதரர். நண்பர்தான் வைத்தியர். லெப்ரதோன் அம்மாள் தாதி.

நகர வாயிலில் காவலர்கள் வண்டியை நிறுத்தினார்கள். எவான்ஸ் கையில் இருந்த செய்தித்தாளை விரித்து, யூஜினியின் முகம் தெரியாமல் மறைத்துக்கொண்டார். "போகலாம்" என்றார்கள். வண்டி நகர்ந்தது!

வழியில் குதிரைகளை மாற்றினார்கள். வண்டியையும் மாற்றினார்கள். ஒரு கிராமத்துச் சத்திரத்தில் இரவு தங்கினார்கள். இரண்டு நாள் பயணத்துக்குப் பிறகு டோவில் என்ற கடற்கரை ஊரை அடைந்தார்கள். அங்கே எவான்சின் மனைவி தங்கியிருந்தார். அவருடைய அறையில் யூஜினி ஒளிந்திருந்தார்.

துறைமுகத்தில் "கசெல்" என்ற சிறிய பாய்க்கப்பல் நின்றது. அதன் சொந்தக்காரர் சர் ஜான் பர்கோயின் என்ற ஆங்கிலேயர். முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்தார்.

செப்டம்பர் 7-ந் தேதி காலை கப்பல் கிளம்பியது. கடலில் புயல்! அலை கப்பலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. யூஜினி உயிர் பிழைப்போம் என்று நினைக்கவில்லை. அதே தேதியில், ஸ்பெயின் கரைக்கு அப்பால், "கேப்டன்" என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் புயலில் மூழ்கி 400-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தப் பெரிய கப்பலின் தலைவர், பர்கோயினின் உறவினர்! பெரிய கப்பல் மூழ்கியது. சின்னக் கப்பல் கரை சேர்ந்தது.

8-ந் தேதி விடியும் முன்னால் இங்கிலாந்தின் ரைடு என்ற ஊரில் இறங்கினார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்து, துணி கசங்கி, தலை கலைந்து நின்ற அவர்களைப் பார்த்து முதல் ஓட்டலில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஓட்டல் தேடிப் போனார்கள்.

மகன் பெல்ஜியம் வழியாக இங்கிலாந்து வந்து சேர்ந்திருந்தான். ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் தாயும் மகனும் கட்டிப் பிடித்து அழுதார்கள்.

கணவரை இழந்தார்

லண்டனுக்கு அருகே சிசல்ஹர்ஸ்ட் என்ற ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். 1871 மார்ச்சில் சக்கரவர்த்தி விடுதலை பெற்று அங்கே வந்தார். அரியணையில் இருந்த காலத்தில் கணவரின் நடத்தையால் யூஜினி பலமுறை கண்ணீர் விட்டதுண்டு. இப்போது அந்தக் கோபம் எல்லாம் போய்விட்டது. நோயாளிக் கணவருக்குப் பணிவிடை செய்தார்.

இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. கல் நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 1873 ஜனவரி 9-ந் தேதி மூன்றாம் நெப்போலியன் இறந்துபோனார்.

மிச்சம் இருந்தது மகன் ஒருவன்தான்.

ஒரே மகனையும் இழந்தார்

இளவரசர் லூயி இங்கிலாந்து ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1875-ல் 34 பேரில் 7-வதாகத் தேறினார். குதிரை ஏற்றத்திலும் வாள் பயிற்சியிலும் முதல்வர்.

1879-ல் தென் ஆப்பிரிக்காவில் ஜூலு மக்கள் மீது ஆங்கிலேயர் போர் தொடுத்தார்கள். ஜூலு மக்கள் தங்கள் மண்ணைக் காக்க ஈட்டியோடும் கேடயத்தோடும் எதிர்த்து நின்றார்கள். ஜனவரியில் ஆங்கிலப் படை ஒன்றை அவர்கள் நிர்மூலம் ஆக்கினார்கள்.

"நானும் போருக்குப் போகிறேன்" என்றார் இளவரசர். தாய் தடுத்தார். மகன் கேட்கவில்லை. விக்டோரியா மகாராணியின் சம்மதத்தோடு, போரைப் பார்வையிடுபவராகப் போனார்.

ஜூன் 1-ந் தேதி சில வீரர்களோடு உளவு பார்க்கச் சென்றார். ஒரு காலிக் குடிசை அருகே இறங்கி இளைப்பாறினார்கள். திடீர் என்று புல்லுக்குள்ளிருந்து ஜூலு வீரர்கள் பாய்ந்தார்கள். எல்லோரும் குதிரை ஏறி ஓடினார்கள். இளவரசரின் குதிரை மிரண்டு ஓடியது. அவர் சேணத்து வாரைப் பிடித்துக்கொண்டு தாவி ஏறப் பார்த்தார். வார் அறுந்துவிட்டது!

ஒரு தோல் வார். அதில் தொங்கியது ஓர் அரச வம்சத்தின் நம்பிக்கை முழுவதும்!

கீழே விழுந்தவர் எழுந்து நின்று தனியாகப் போரிட்டார். அவர் உடம்பில் 17 ஈட்டிக் காயங்கள். ஒன்றுகூட முதுகில் இல்லை. வயது 23.

செய்தி இங்கிலாந்துக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை தாய் மகனுடைய கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

இளவரசரை விட்டுவிட்டு ஓடிய அதிகாரி மீது ராணுவ விசாரணை நடந்தது. பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்த்தன. அப்போது யூஜினி என்ன சொன்னார்? "யார் மேலும் பழி சொல்லாதீர்கள். என் மகன் போர்வீரனாக இறந்தான். அந்த ஆறுதல் போதும்" என்ற கருத்தில் எழுதி, அந்த மனிதரைத் துன்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெற்ற வயிறு எரியும்போது இப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

மகன் விழுந்த மண்

மகன் இறந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று யூஜினி விரும்பினார். 1880-ல் கப்பல் ஏறித் தென் ஆப்பிரிக்கா போனார். அங்கிருந்து வண்டியிலும் குதிரையிலும் பல நாள் பயணம். இரவில் கூடாரத்தில் தங்கினார். கூடாரத்தில் பிறந்தவர் 54-வது வயதில் மறுபடியும் கூடாரத்தில்!

ஜூன் 1-ந் தேதி, மகன் இறந்து சரியாக ஓர் ஆண்டு ஆன அன்று, அந்த இடத்தில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, இரவு முழுவதும் கண் விழித்துப் பிரார்த்தனை செய்தார். இப்போது அவருக்குக் கணவர் இல்லை. மகன் இல்லை. நாடு இல்லை.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் உலகம் நினைத்தது. ஆனால் அதற்குப் பிறகும் யூஜினி 40 ஆண்டுகள் வாழ்ந்தார்!

"பூப் பறிக்காதே!"

இங்கிலாந்தில் பார்ன்பரோ என்ற ஊரில் ஒரு பெரிய வீடு வாங்கினார். பக்கத்தில் ஒரு தேவாலயமும் மடமும் கட்டினார். கணவரையும் மகனையும் 1888-ல் அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்.

பிறகு அவர் பிரான்சுக்கு வந்துபோகக் குடியரசு அரசாங்கம் தடை சொல்லவில்லை. பாரீசுக்கு வந்தால் துய்லரி தோட்டத்துக்கு எதிரே உள்ள ஓட்டலில் தங்குவார். அவர் வாழ்ந்த அரண்மனை அங்கே இல்லை. 1871-ல் நடந்த கலகத்தில் அது தீக்கிரையாகிவிட்டது. தோட்டம் மட்டும் மிச்சம்.

ஒரு நாள் அந்தத் தோட்டத்தில் உலாவியபோது, கறுப்பு உடை உடுத்திய அந்தக் கிழவி ஒரு பூவைப் பறித்தாராம். காவல்காரன் ஓடிவந்து, "பூப் பறிக்கக் கூடாது!" என்று அதட்டினானாம். அது ஒரு காலத்தில் அவருடைய சொந்தத் தோட்டம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யூஜினி பேசாமல் நடந்தார் என்று கதை சொல்வார்கள்.

யார் யாரோ அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். பொய்யும் எழுதினார்கள். அவர் பதில் எழுதவில்லை. தன் வரலாற்றையும் எழுதவில்லை.

47 ஆண்டு காத்திருந்த கடிதம்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. யூஜினிக்கு வயது 88. தன் வீட்டின் ஒரு பகுதியைக் காயம் அடைந்த அதிகாரிகளுக்கு ஆஸ்பத்திரி ஆக்கினார். தன் உல்லாசக் கப்பலை இங்கிலாந்துக் கடற்படைக்குக் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தார்.

1870 போரில் பிரான்சின் அல்சாஸ், லொரேன் பகுதிகளை ஜெர்மனி பிடுங்கிக்கொள்ள முயன்றது. அப்போது இங்கிலாந்தில் அகதியாக இருந்த யூஜினி, பிரஷ்யா மன்னர் வில்லியமுக்குக் கடிதம் எழுதி, பிரான்சின் நிலத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடினார். மன்னர் மறுத்துவிட்டார். ஆனால் 1870 அக்டோபர் 26-ந் தேதி எழுதிய பதிலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருந்தார். ஜெர்மனி பெரிதாக வேண்டும் என்பதற்காக அந்த நிலத்தைக் கேட்கவில்லை; இனிமேல் பிரெஞ்சுப் படை தாக்க வந்தால் அதைத் தள்ளி நிறுத்தவே கேட்கிறோம் என்பது அதன் கருத்து.

யூஜினி அந்தக் கடிதத்தை 47 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்.

உலகப் போரின்போது, "அந்த நிலம் பிறவியிலேயே ஜெர்மன் நிலம்" என்று ஜெர்மனி வாதாடியது. உடனே யூஜினி பெட்டியைத் திறந்தார். பழைய கடிதத்தைப் பிரெஞ்சு அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். எந்தக் குடியரசு அவரைத் துரத்தியதோ, அதே குடியரசிடம்! 1918-ல் அந்தக் கடிதம் பாரீசில் பலர் அறியப் படிக்கப்பட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனி தோற்றது. அல்சாசும் லொரேனும் பிரான்சுக்குத் திரும்பின. கடவுள் தன்னை ஏன் இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தார் என்பது இப்போதுதான் விளங்குகிறது என்று யூஜினி கூறினாராம்.

"ஸ்பெயின்காரி" என்றார்களே, அந்தப் பெண் பிரான்சுக்குக் கொடுத்த கடைசிச் சீதனம் அது!

கண் திறந்தது, கண் மூடியது

முதுமையில் கண்ணில் புரை விழுந்து யூஜினிக்குப் பார்வை மங்கியது. 1920-ல் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே புகழ் பெற்ற கண் டாக்டர் பராக்கெர் அறுவைச் சிகிச்சை செய்தார். 94 வயதில் பார்வை திரும்பியது! தாய்நாட்டின் வெயிலையும் உறவினரின் முகங்களையும் மறுபடி கண்டு மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி சில வாரங்களே நீடித்தது. 1920 ஜூலை 11-ந் தேதி மாட்ரிட் நகரில், அக்காள் பேரனின் மாளிகையில் யூஜினி உயிர் நீத்தார். உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், கணவரும் மகனும் உறங்கும் இடத்திலேயே அடக்கம் செய்தார்கள். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து மரியாதை செலுத்தினார். அவர் வாழ்ந்த பார்ன்பரோ வீடு பின்னர் பெண்கள் பள்ளிக்கூடம் ஆயிற்று.

அணிந்த நகையும் அணியாத மாலையும்

யூஜினி அணிந்த நகைகள் என்ன ஆயின? பிரெஞ்சு அரசாங்கம் 1887-ல் அரச நகைகளை ஏலம் போட்டது. உலகம் முழுவதும் சிதறின. சிலவற்றைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தேடி வாங்கி, லூவர் பொருட்காட்சிச் சாலையில் வைத்தார்கள். யூஜினி தப்பி ஓடிய அதே லூவர்!

2025 அக்டோபர் 19-ந் தேதி பட்டப்பகலில் அங்கே திருடர்கள் புகுந்தார்கள். யூஜினியின் முத்து முடி அணியையும் வைர அணிகளையும் கொள்ளை அடித்தார்கள். 1,354 வைரங்கள் பதித்த அவருடைய கிரீடம் ஓட்டத்தில் கீழே விழுந்து நசுங்கிக் கிடந்தது.

அரண்மனை எரிந்தது. கிரீடம் நசுங்கியது. அணிந்த நகைகள் கைமாறி, களவு போயின.

ஆனால் 26 வயதில் அவர் வேண்டாம் என்று சொன்ன வைர மாலை மட்டும் எங்கும் போகவில்லை. அது பள்ளிக்கூடமாகி, எத்தனையோ ஏழைப் பெண்களுக்கு எழுத்தும் தொழிலும் கொடுத்தது. கழுத்து மாலை வடிவில் கட்டிய அந்தக் கட்டடத்தைத் திருடிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை!